அம்பாக்கார வியாகுலம் உபதேசியார் ஆன கதை

தாழையடியில் சூரியன் கொஞ்சம் பிந்தினாலும் பிந்தும், வியாகுலத்தின் குரல் பிந்தாது. கிழக்கே வெளுப்புத் தட்டும்போதே அது கிளம்பிவிடும். பக்கத்துக் குடியிருப்பில் கட்டிக் கிடக்கிற ஆடுகள்கூட அதைக் கேட்டுத்தான் எழுந்து நிற்கும் என்பார்கள். ஆட்டைப் பற்றித் தெரியாது, ஆட்கள் எழுந்தது நிஜம்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய சின்னக் குடியிருப்பு அது. ஓலை வீடுகள், நடுவில் ஓலை வேய்ந்த அந்தோனியார் கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு மரச்சிலுவை, அதற்கும் முன்னால் கடல். ஊரில் எல்லாரும் வேதக்காரர்கள், எல்லாரும் கரைவலைக்காரர்கள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அது தாழையடிக்கும் வந்துவிட்டதா என்று கேட்டால், கொடி ஏற்றிய அன்றைக்கு மிட்டாய் வந்தது என்பார்கள்.

கரைவலை ஒரு ஆள் வேலை இல்லை. தோணியில் வலையைக் கொண்டுபோய்ப் பிறை வடிவில் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுக்க வேண்டும். வலையின் நடுவே மீன் வந்து சேருகிற பை இருக்கும், அதற்கு மடி என்று பேர். இரண்டு அணியும் ஒரே நிதானத்தில் இழுத்தால்தான் மடி நேராகக் கரைக்கு வரும். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் மறுபக்கமாக வந்த வழியே போய்விடும். அதனால் இரண்டு அணிக்கும் நடுவில் ஒருவன் நின்று பாட்டுச் சொல்வான். அதுதான் அம்பா. அவன் ஒரு அடி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். அம்பாக்காரன் கயிற்றைத் தொட வேண்டியதில்லை, தொண்டை இருந்தால் போதும்.

வியாகுலத்துக்குத் தொண்டை இருந்தது. அந்தோனியார், சந்தியாகப்பர், சவேரியார் என்று புனிதர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கயிற்றில் சேர்த்துவிடுவார். மடி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் கடைசி அடியை நீட்டி, தாழ்த்தி, தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழுந்தால் அத்தனை ஆண்களும் கயிற்றைப் போட்டுவிட்டு மடியைப் பிடிக்கத் தண்ணீருக்குள் ஓடுவார்கள். பெண்கள் கூடையோடு எழுவார்கள். இருபது வருஷமாக இப்படித்தான். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கால் தானாகப் போகும்.

வியாகுல மாதா திருநாளில் பிறந்ததால் அவருக்கு அந்தப் பேர். வியாகுலம் என்றால் துயரம். இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு எந்நேரமும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு மனுசனைத் தாழையடி அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மனைவி கித்தேரியாள். அவருக்குத் தொண்டை என்றால் அவளுக்கு நாக்கு. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படித்தவள் என்பதை அவரும் மறக்க மாட்டார், அவளும் மறக்க விட மாட்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரில் இருந்த உபதேசியார் கண் மங்கிப்போய், காரைக்குடியில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பங்குச்சாமியார் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்து மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்ல, சாகக் கிடப்பவன் பக்கத்தில் உட்கார, செத்தவனை அடக்கம் பண்ண உபதேசியார்தான். அவர் இல்லாமல் ஊர் ஒரு மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மந்திரத்தைத் தொடங்குவார்கள், குழந்தைகள் சிரிக்கும், பெரியவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அது வேடிக்கையாகத்தான் இருந்தது, சிலுவைமுத்து சாகும்வரை. வியாகுலத்தின் கூட்டாளி அவன். வடக்கு அணியில் முதல் ஆளாக நின்று கயிறு இழுத்தவன், அம்பாவுக்கு முதலில் பதில் கொடுக்கிற வாயும் அவனுடையதுதான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் இறக்கியாயிற்று. அதற்குமேல் என்ன சொல்வது, யார் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ பரலோக மந்திரத்தைத் தொடங்கி, பதற்றத்தில் பாதியில் விட்டுவிட்டார்கள். எல்லாரும் வியாகுலத்தைப் பார்த்தார்கள். ஊரிலேயே பெரிய குரல் அவருடையதுதானே. அவருக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எல்லாரும் பேசாமல் வீட்டுக்கு வந்தார்கள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வலை. வழக்கம்போல அவர் "அந்தோனியாரே" என்று எடுத்தார், ஆட்கள் பதில் கொடுத்தார்கள். இருபது வருஷமாகக் கூப்பிட்ட பேர்தான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்து, நேற்று ஏனப்பா பேசாமல் நின்றாய் என்று கேட்டது போலவும் இருந்தது. அம்பாவை ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டு, மீனைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கித்தேரியாள் உப்பு போட்டுக் கருவாட்டுக்கு மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆண்டவர் தன்னைக் கூப்பிடுவதாகவும், உபதேசியார் வேலைக்குத்தான் கூப்பிடுவதாகத் தோன்றுகிறது என்றும் அவர் சொன்னார். அவள் மீனை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்கிறது சாமிக்குத் தெரியுமா?"

"எந்தச் சாமிக்கு?"

"ரெண்டு பேருக்குந்தான்."

கேட்டாளே தவிர, அன்றைக்குச் சாயங்காலமே பழைய பாய்த்துணி ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். தோணிப் பாய்க்கு வாங்கி மிஞ்சிய வெள்ளைத் துணி அது. அதில் அவருக்கு ஒரு சட்டை தைக்க உட்கார்ந்தாள். அதுவரை அவர் உடம்பில் ஏறிய சட்டை கல்யாணச் சட்டை ஒன்றுதான். சட்டை இல்லாத உபதேசியாரை எந்தச் சாமியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது அவள் கட்சி.

பங்குச்சாமியார் ஞானாதிக்கம் லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. அழைப்பு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவரிடம் ஏற்கனவே இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவனுக்குத் தேவைப்பட்டது உபதேசியாருக்குக் கிடைக்கிற சைக்கிள். இன்னொருவனுக்கு வீட்டில் மனைவியோடு சண்டை. அதனால் வியாகுலத்தை நிற்கவைத்தே கேட்டார்.

"கூப்புட்டாருன்னு சொல்றியே, எதுக்குக் கூப்புட்டாரு?"

"சிலுவைமுத்து ஒரு வார்த்தை இல்லாம மண்ணுக்குள்ள போனான் சாமி. நாங்க அம்புட்டுப் பேரும் சும்மா நின்னோம். இனிமே ஒருத்தனும் அப்பிடிப் போகக் கூடாது."

சாமியார் அவரை உட்காரச் சொன்னார். பிறகு, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தவசு காலம் முடிவதற்குள் எல்லா மந்திரங்களையும் காதால் கேட்டுப் பாடம் பண்ணச் சொன்னார். அந்தோனியார் திருநாளன்று பூசைக்கு முன்னால் புனிதர்களைப் பேர் சொல்லி வேண்டுகிற பிரார்த்தனையை அவர்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

தவசு காலம் முழுக்க வியாகுலத்தின் வீட்டில் மந்திரம்தான். கித்தேரியாள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாள், அவர் மணலில் நடந்துகொண்டே திருப்பிச் சொல்வார். உட்கார்ந்து சொன்னால் அவருக்கு ஏறாது. தப்பினால் அவள் விடமாட்டாள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஞான உபதேசக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் திணறும்போதெல்லாம், பாவம் எத்தனை வகை என்று இவ்வளவு நேரம் யோசிக்கிறவர் கண்டிப்பாகப் புண்ணியவான்தான் என்பாள். உயிர்ப்புத் திருநாளுக்குள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் இல்லை, சுற்றி நாலு வீட்டுக்கும்.

அந்தோனியார் திருநாள் வந்தது. கோயில் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெளுத்த வேட்டிகள், எண்ணெய் தேய்த்த தலைகள். வியாகுலம் பாய்த்துணிச் சட்டையோடு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். சாமியார் உடுப்புப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பிரார்த்தனையை நின்றுகொண்டு சொல்ல வேண்டும், முடிந்ததும் எல்லாரும் முழங்காலிட வேண்டும். அதற்குமேல் பூசை.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அவர் புனிதர் பேரைச் சொல்ல, சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. பேர் போகப்போகப் பயம் போனது. பயம் போனதும் குரல் அதன் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஆண்கள் பக்கம் தோள்கள் லேசாக ஆடத் தொடங்கின. பதில் இப்போது வாயிலிருந்து வராமல் வயிற்றிலிருந்து வந்தது. கோயில் ஓலை அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்தச் சனம் இப்படிச் செபம் சொல்லிச் சாமியார் கேட்டதில்லை. அவர் முகமே மலர்ந்துவிட்டது.

கடைசிப் பேர் வந்தது. வியாகுலம் அதை நீட்டினார். தாழ்த்தினார். கை தானாகப் போய்த் தொடையில் இரண்டு தட்டுத் தட்டியது.

அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் முழுசும் திரும்பி, வாசலைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடியது. திருநாள் வேட்டியோடு, தோளில் துண்டோடு, முழங்கால் தண்ணீர்வரை போய் நின்றபிறகுதான் கடலில் வலையே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. பெண்கள் பக்கம் பாதிப்பேர் கூடையைத் தேடி எழுந்துவிட்டிருந்தார்கள். கோயிலின் முன்பகுதியில் மிச்சம் இருந்தது சாமியாரும், அந்தோனியார் சுரூபமும், புதுச்சட்டை போட்ட வியாகுலமும்தான்.

நனைந்த வேட்டியோடு எல்லாரும் திரும்பி வந்து பூசை கண்டார்கள். சாமியார் பூசையை எப்படி முடித்தார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும், இரண்டு தடவை அவர் தோள் குலுங்கியதை முன்வரிசை பார்த்தது. பிறகு வியாகுலத்தைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"இது சரிப்பட்டு வராதுப்பா. ஒன் குரல் கோயில்ல நின்னாலும் கடலைப் பாத்துத்தான் போகுது. நான் வேற ஆளு பாக்குறேன்."

வியாகுலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கித்தேரியாள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் குத்தவில்லை. சட்டையை மடித்து ஓலைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தாள்.

செய்தி தேவிபட்டினம் மீன்கடை வரை போய்விட்டது. போகிற இடமெல்லாம் அவரைப் பார்த்துத் தொடையைத் தட்டினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், அவரைவிட நன்றாக அந்தக் கதையைச் சொல்ல ஆளும் இல்லை. ஆனால் தனியாக இருக்கும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கூப்பிட்டது ஆண்டவர்தானா, இல்லை தன் குரலைத் தானே கேட்டுச் சொக்கிப்போய் அதை அழைப்பு என்று நினைத்துவிட்டோமா என்ற சந்தேகம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அது பொல்லாத சந்தேகம். மீன் முள்ளானால் சோற்றை உருட்டி விழுங்கிவிடலாம், இதற்கு மருந்து இல்லை.

தாழையடி மீனை வாங்கிக் கருவாடு போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறவர் சதக்கு மரைக்காயர். மற்றவர்களைப் போலவே அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கூடைமேல் உட்கார்ந்து யோசனையாகச் சொன்னார்.

"எங்க பள்ளிவாசல்ல தொழுகைக்குப் பாங்கு சொல்ற மோதினாரு கடைத்தெருவுல சத்தம் போட்டு ஒரு ஆளக் கூப்புட மாட்டாருப்பா. பேரம் பேச மாட்டாரு. ஏன்னு கேட்டேன். இந்தத் தொண்டைய நான் குடுத்துட்டேன், குடுத்தத எடுத்து எப்பிடிப் பொழங்குறதுங்கிறாரு. நீ ஒரே தொண்டைய ரெண்டு எடத்துக்கும் குடுத்தா சனம் எங்கிட்டுப் போகும்?"

மரைக்காயர் அதைச் சொல்லிவிட்டு மீனை நிறுக்கப் போய்விட்டார். வியாகுலம் மட்டும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்து கித்தேரியாளிடம் சொன்னார். பேதுருவும் அந்திரேயாவும் வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன கதையைத் தாழையடியில் பால்குடிக் குழந்தைக்கும் சொல்லியிருப்பார்கள். அவளும் அதைத்தான் நினைத்தாள் போலிருக்கிறது.

"அவுகள வலைய விடச் சொன்னாரு. ஒங்கள அம்பாவ விடச் சொல்றாரு. எது கஷ்டம்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

அம்பாவை விடுவது என்றால் சும்மா இல்லை. ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு அது. அம்பாக்காரனுக்கென்று தனியாக ஒதுக்குகிற கூடை மீனும் அதில் சேர்த்தி. எல்லாவற்றையும்விட, காலையில் அந்த முதல் அடியை எடுக்கும்போது நெஞ்சுக்குள் ஏறுகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அவர் வேறு எதிலும் கண்டதில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கரைக்குப் போய், இனிமேல் அம்பா சொல்லப்போவதில்லை என்றார். ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். கெஞ்சினார்கள். கடைசியில் கித்தேரியாளின் தம்பி ராயப்பன் அம்பாக்காரன் ஆனான். அவனுக்குத் தாளம் இருந்தது, குரல்தான் உடைந்த பானைக்குள்ளிருந்து வருவது போல வரும்.

வியாகுலம் வடக்கு அணியில் சிலுவைமுத்து நின்ற இடத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தார். முதல் நாள் ராயப்பன் அடி எடுத்தபோது இவர் வாய் தானாகத் திறந்துவிட்டது. துண்டை எடுத்துப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சமாளித்தார். அன்றிலிருந்து கயிறு இழுக்கும்போதெல்லாம் துண்டு பல்லுக்கு நடுவில்தான்.

அடுத்த மாதம் பூசைக்கு வந்த சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னார். சாமியார் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்றும், அதுவரை ஞாயிற்றுக்கிழமை செபத்தை அவரே சொல்லட்டும் என்றும், உபதேசியார் என்ற பேரை மட்டும் இப்போது கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. வியாகுலம் பேர் இல்லாத உபதேசியாராக இருந்தார். கோயிலில் அடங்கின குரலில் பேசக் கற்றுக்கொண்டார். பிரார்த்தனையின் கடைசிப் பேரை நீட்டாமல் மெதுவாகச் சொல்லி, தலையைக் குனிந்து, நிதானமாகச் சிலுவை போட்டு முழங்காலிடுவார். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் வாசலைப் பார்த்துத் திரும்பத்தான் செய்தார்கள். போகப்போக, அவர் தலை குனிந்தால் ஊரே முழங்காலிட்டது. நோயாளி வீட்டில் போய் உட்கார்ந்தார். மழைக்காலத்தில் பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு குழந்தைக்கு ஓடிப்போய் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினார். அது பிழைத்துக்கொண்டது, இன்றைக்கும் தாழையடியில் அதன் அட்டகாசம் தாங்கவில்லை. சிலுவைமுத்துவின் கல்லறைப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. பேர் கிடைத்தபிறகுதான் அவன் முகத்தில் முழிப்பேன் என்று ஒரு வைராக்கியம். பேர் கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை. சாமியார் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு நாள் சூடைமீன் கூட்டம் வந்தது. தோணிக்காரர்கள் கடலுக்குள்ளிருந்தே கையை ஆட்டினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதுபோல ஒரு மீன்பாடு வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஊரே கரையில் நின்றது. சதக்கு மரைக்காயரும் கூடைகளோடு வந்துவிட்டார்.

வலை பாதி வழி வந்திருக்கும், ராயப்பனின் குரல் போய்விட்டது. இருந்த கொஞ்சமும் சந்தோஷத்தில் கத்தியதில் தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கை தட்டிப் பார்த்தான், அலைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. தெற்கு அணி ஆசையில் வேகமாக இழுத்தது, வடக்கு அணி பின்தங்கியது. வலை கோணத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் கோணினால் அத்தனை மீனும் போய்விடும்.

எல்லாரும் வியாகுலத்தைப் பார்த்தார்கள். கல்லறையில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

அவருக்கு இரண்டு பக்கமும் இடித்தது. அம்பா சொன்னால், கொடுத்ததைத் திரும்ப எடுத்தது ஆகும். ஒரு வருஷம் பட்ட பாடு வீண், ஞாயிற்றுக்கிழமை ஊர் மறுபடியும் கடலுக்கு ஓடும். சொல்லாவிட்டால் ஊர் பட்டினி. வாயில் இருந்த துண்டைத் துப்பினார். வாயைத் திறந்தார். எதைச் சொல்வது என்று முடிவு பண்ணித் திறந்ததாகத் தெரியவில்லை. ஒரு வருஷப் பழக்கத்தில் எது வந்ததோ அது வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குரலில், அவசரமே இல்லாமல், பிரார்த்தனையின் முதல் பேர்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு இரண்டு அணியும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. சொல்லிக்கொண்டே இழுத்தது. அடுத்த பேர், அடுத்த இழுப்பு. தெற்கு அணியின் வேகம் தணிந்தது, வடக்கு அணி எட்டிப் பிடித்தது. வலை நிமிர்ந்தது. கரையில் இருந்த பெண்களும் பதில் கொடுத்தார்கள். வியாகுலம் கயிற்றை விடாமல், மற்றவர்களோடு மற்றவராக இழுத்துக்கொண்டே பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். மடி முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. உள்ளே வெள்ளிக்காசு கொட்டின மாதிரி மீன் குதித்தது.

கடைசிப் பேரை மெதுவாகச் சொன்னார். பழக்கதோஷம், தலையைக் குனிந்து சிலுவை போட்டார்.

அத்தனை ஆண்களும் கயிற்றைப் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே முழங்காலிட்டார்கள். தண்ணீரில் நின்றவன் தண்ணீரில், மணலில் நின்றவன் மணலில். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கை கூப்பி. பிடிக்க ஆளில்லாத மடி வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்தது. சூடைமீன்கள் இப்படியொரு அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்திருக்காது, பக்திமான்களின் முழங்கால்களுக்கு நடுவில் புகுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

முதலில் கண்டது கித்தேரியாள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தாள். பின்னாலேயே அத்தனை பெண்களும். மடியின் வாயைப் பிடித்து நிமிர்த்தி, கையாலும் கூடையாலும் மடித்த சேலையாலும் மீனை மறித்தார்கள். ஆண்கள் கண்ணைத் திறந்தபோது வேலை முடிந்திருந்தது. பாதி போய்விட்டது, பாதி இருந்தது. அந்தப் பாதியே கூடை கொள்ளாமல் கிடந்தது. சதக்கு மரைக்காயர் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மரைக்காயருக்கு அது வயிற்றுக்குள் தங்குமா? சாமியார் காதுக்கு அவர்தான் கொண்டுபோனார். திருநாளுக்கு இன்னும் நாள் இருந்தும் அந்த வாரமே சாமியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். வியாகுலத்தைக் கூப்பிட்டு, உண்மையா என்று கேட்டார். ஊருக்கு நட்டம் பண்ணிவிட்டேன், என்னால்தான் பாதி மீன் போயிற்று என்று வியாகுலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டோம் என்றே அவர் நினைத்திருந்தார்.

கித்தேரியாள் குறுக்கே வந்தாள். "மீன் எங்களுக்குப் போதும் சாமி. இனிமே மடி வரும்போது நாங்களே தண்ணியில நிப்போம். இவுக முழங்கால்ல நிக்கட்டும்."

சாமியார் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு வியாகுலத்தின் தோளில் கை வைத்தார்.

"பேதுரு வலைய விட்டுட்டு வந்தாரு. அவரு ஒரு ஆளு. நீ ஒரு ஊரையே வலைய விட வெச்சிருக்கியேப்பா. இனி நான் எந்த ஆளத் தேடுறது? இன்னையிலருந்து நீதான் உபதேசியார்."

வியாகுலத்துக்கு உடனே ஒன்றும் ஓடவில்லை. கித்தேரியாளுக்கு ஓடியது. ஓலைப்பெட்டியைத் திறந்து சட்டையைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் ஏறவில்லை. அம்பாக்காரராக இருந்தவரை சும்மா நின்று பாட்டுச் சொன்ன உடம்பு, ஒரு வருஷம் கயிறு இழுத்ததில் தோள் அகன்றுவிட்டது. அவள் மீன் அரிகிற கத்தியால் இரண்டு பக்கத் தையலையும் அறுத்துவிட்டாள். விலா தெரிய அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்.

சிலுவைமுத்துவின் தலைமாட்டில் நின்று, அடக்கத்துக்கு உரிய செபத்தை முதலிலிருந்து தொடங்கினார். அடங்கின குரலில் தொடங்கினார்தான். ஆனால் அந்தக் குரலைச் சிலுவைமுத்துவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது மற்றதுதான். வியாகுலம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த அந்தப் பெரிய குரலை முழுசாக எடுத்தார். ஆண்டவருக்குக் கொடுத்த தொண்டைதான், ஆண்டவருக்கான வார்த்தைதான், எடுத்தால் என்ன. அது கல்லறையைத் தாண்டி, தாழம் புதரைத் தாண்டி, கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்வரை போனது.

அவர்கள் ஓடி வந்தார்கள். இந்தத் தடவை கல்லறைக்கு. வந்து சுற்றி நின்று, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செபத்தில் வந்த ஒவ்வொரு புனிதர் பேருக்கும் பதில் கொடுத்தார்கள். அன்றைக்கு விட்டுப்போனது பாக்கி இல்லாமல் சொல்லி முடிந்தது. அதற்கப்புறம் வியாகுலம் உபதேசியார் இருந்தவரை, தாழையடியில் ஒருவரும் வார்த்தை இல்லாமல் மண்ணுக்குள் போகவில்லை.